தண்ணீர் நீங்கலாக

அரியமங்கலத்தில் இருந்த அந்த முலாம் பூசும் தொழிற்சாலையின் வாசலிலேயே ஒரு மீன் தொட்டி உண்டு. சுத்திகரித்த கழிவுநீரில் இந்த மீன்கள் வாழ்கின்றன என்று பக்கத்தில் ஒரு பலகை சொன்னது.

அனுபமா அதைப் படித்தாள். சுற்றுச்சூழலுக்கு என்னென்ன செய்தோம் என்று கம்பெனிகள் வருடந்தோறும் வெளியிடும் அறிக்கை உண்மைதானா என்று பார்த்துச் சான்று கொடுப்பது அவள் வேலை. அவளுடைய ஆடிட்டர் அலுவலகத்தில் சுற்றுச்சூழல் பொறியியல் படித்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் கணக்குப் படித்தவர்கள். இந்தத் தொழிற்சாலைக்குப் பல வருடமாக அந்த அலுவலகம்தான் சான்று கொடுத்து வந்தது. அறிக்கையை எழுதிக் கொடுத்ததும் அதே அலுவலகம்தான். எழுதுகிறவர்கள் மேல்மாடியில் இருந்தார்கள், சரிபார்ப்பவர்கள் கீழ்மாடியில் இருந்தார்கள். அதனால் அது சுதந்திரமான சான்று என்று கருதப்பட்டது.

"இந்தத் தொட்டிக்குத் தண்ணி எங்கேருந்து சார் வருது?"

"சுத்திகரிச்ச தண்ணிதாங்க மேடம்" என்றார் ஜெயக்குமார். அவர் தொழிற்சாலையின் சுற்றுச்சூழல் அதிகாரி.

தொட்டிக்குள் போன குழாயைப் பார்த்துக்கொண்டே அனுபமா நடந்தாள். அது கேன்டீனைச் சுற்றிக்கொண்டு போய் போர்வெல் டேங்கில் முடிந்தது. கூடவே வந்த ஜெயக்குமாரும் அதைப் பார்த்தார்.

பின்பக்கம் சுத்திகரிப்பு நிலையம் இருந்தது. தண்ணீர் வெளியேறும் தொட்டியருகே அனுபமா நின்றாள்.

"அந்த மீன்ல ஒண்ணை இதுல விட்டுப் பாப்பமா சார்?"

ஜெயக்குமார் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேண்டாங்க மேடம். மீன் பாவம்."

பிறகு அவரே சொன்னார். கழிவுநீரில் மருந்து கலக்கும் பம்ப் பொங்கலுக்கு முன்பே எரிந்துவிட்டது. கேட்கும்போதெல்லாம் அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்றார்கள்.

"மீன் தொட்டி யாரோட யோசனை?"

"என்னோடதுதாங்க."

அனுபமா ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்தாள். ஜெயக்குமார் அதை வாங்கி, ஒட்டிய தாளில் தானே கையெழுத்துப் போட்டார்.

"நீங்க போடணும்னு இல்ல சார்."

"போடுறேங்க. இல்லாட்டி இது எங்க தண்ணியே இல்லன்னு சொல்லிடுவாங்க."

தண்ணீரில் நிக்கல் உலோகம் அனுமதிக்கப்பட்ட அளவைவிடப் பல மடங்கு இருப்பதாகப் பரிசோதனைக்கூடம் சொன்னது. அனுபமா அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்தின் பங்குதாரர் ஸ்ரீரங்கராஜனிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் ஸ்ரீரங்கத்துக்காரர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர்.

"மீன் செத்துப்போச்சாம்மா?"

"விடவே இல்ல சார்."

"அப்போ மீன் விஷயத்துல நமக்கு ஆதாரம் இல்லை."

"நிக்கலுக்கு இருக்கு சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணு பண்ணலாம். இந்த வருஷம் கரண்டு மிச்சம் பண்ணதுக்கும் மரக்கன்னு நட்டதுக்கும் மட்டும் சான்று குடுப்போம். தண்ணிய நாம பாக்கலைன்னு ஆயிடும்."

"பாத்துட்டமே சார்."

"நீ பாத்தே. ஆபீஸ் பாக்கலை."

"தண்ணிய ஏன் விட்டோம்னு அதுல எழுதலாமா?"

"அப்படி எழுதற வழக்கமில்லைம்மா."

அனுபமா கையெழுத்துப் போட மறுத்தாள். அவர் கோபிக்கவில்லை. தானே போட்டுக்கொண்டார். சான்றின் கீழே 'தண்ணீர் நீங்கலாக' என்று பொடி எழுத்தில் ஒரு வரி வந்தது.

அன்று காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது அவளுக்கு அந்தப் பாட்டிலில் இருந்த ஜெயக்குமாரின் கையெழுத்து மனதில் வந்தது. மாட்டிக்கொள்வது அவர் ஒருவராகத்தான் இருக்கும். சான்று தருபவர்கள் கம்பெனியின் தணிக்கைக் குழுவிடம் நேரே பேசலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. இதுவரை யாரும் பேசியதில்லை. குழுவின் தலைவர் யமுனா, ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியை, தில்லைநகரில் இருந்தார். மறுநாள் அனுபமா போனாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு யமுனா, "இத்தனை வருஷமா வந்தவங்க யாரும் குழாயப் பாக்கலையா?" என்றார்.

"பலகையப் பாத்தாங்க மேடம்."

பம்ப் வரும்வரை முலாம் பூசுவதை நிறுத்தச் சொன்னது குழு. பட்ஜெட்டுக்குக் காத்திருந்த பம்ப் அந்த வாரமே வந்துவிட்டது. ஜெயக்குமார்மேல் நடவடிக்கை கூடாது என்று யமுனா எழுதியே கொடுத்தார். எழுதுகிறவர்களும் சான்று தருகிறவர்களும் ஒரே அலுவலகமாக இருக்கக் கூடாது என்றும் முடிவாயிற்று. அறிக்கை எழுதுவதை ஸ்ரீரங்கராஜனிடமே விட்டுவிட்டு, சான்றைக் கம்பெனி வேறொருவருக்குக் கொடுத்தது.

"நல்ல காரியம் பண்ணினே" என்றார் ஸ்ரீரங்கராஜன். "பாதி வேலை கைய விட்டுப் போச்சு." இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார்.

அடுத்த மாதம் மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி ஆலையின் இருப்பைச் சரிபார்க்க அவளை அனுப்பினார். அங்கே தண்ணீர் விவகாரம் எதுவும் கிடையாது. ஆலைக்காரர் வரிசையாக அடுக்கிய மூட்டைகளைக் காட்டி, "எண்ணிக்கோங்க மேடம், சரியா இருக்கும்" என்றார்.

அனுபமா எண்ணினாள். சரியாகத்தான் இருந்தது.

"மூட்டையில குத்திப் பாக்கக் குத்தூசி இருக்குங்களா?" என்று கேட்டாள். "உள்ள இருக்கறது அரிசிதானான்னு பாத்துடலாம்."