பற்றிக்கின் வலது முழங்கால்

என் தம்பி பற்றிக்கின் வலது முழங்காலைத் தின்றவர் கோச் பெர்த்தியோம். இலை போட்டுப் பரிமாறியவர் எங்கள் அப்பா.

எண்பத்து நான்கில் நாங்கள் மூன்று பேரும் திருகோணமலையிலிருந்து மொன்றியலுக்கு வந்து சேர்ந்தோம். அம்மா அதற்கு முன்னமே செத்துப்போனா. அப்பா நீக்கிலாப்பிள்ளை ஊரில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இங்கே ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். எனக்குப் பேராதனைக் கம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், இடம் கிடைத்திருந்தது. எண்பத்து மூன்றின் கலவரம் அதை வாரிக்கொண்டு போய்விட்டது. பட்டம் எடுத்திருக்க வேண்டிய எலிசாவாகிய நான் தையல் ஃபக்டரியில் காற்சட்டைக்குச் சிப் வைத்துக்கொண்டிருந்தேன். ஆகவே வீட்டில் மிச்சமிருந்த ஒரே கம்பஸ் பற்றிக்தான். அவன் எஞ்சினியர் ஆக வேண்டும். இதை அப்பா சாப்பாட்டு மேசையிலும் சொல்லுவார், செபத்திலும் சொல்லுவார்.

இங்கே பல்கலைக்கழகத்துக்கு முன்னம் இரண்டு வருடக் கல்லூரி ஒன்று இருக்கிறது. அங்கே விஞ்ஞானப் பிரிவில் பற்றிக் சேர்ந்தான். சேர்ந்த கையோடு ஒவ்வொரு பின்னேரமும் ரியூசன் என்று புறப்பட்டான். அப்பாவுக்குச் சந்தோசத்தில் ஒரே புளுகம். ரியூசனால் களைத்து வருகிற பிள்ளைக்கு முட்டைப் பொரியல் என்ன, கோழிக்கால் என்ன! ஒருநாள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். ஐஸில் வழுக்கி விழுந்தானாம். ஒக்டோபர் மாதத்தில்!

"எங்க ராசா ஐஸ் கொட்டிக்கிடந்தது? ஐஸ்கிரீம் கடைக்குள்ளயோ?" என்று கேட்டேன்.

சேர்ட்டைக் கழற்ற வைத்தேன். காறை எலும்புக்கு மேலே நீலம் பாரித்து வீங்கியிருந்தது. அப்போதுதான் எல்லாம் வெளியில் வந்தது. ரியூசனும் இல்லை, ஒரு கத்தரிக்காயும் இல்லை. புட்போல்! இவர்களுடைய புட்போலைக் காலால் தொடுவதே அபூர்வம். தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஆளை ஆள் முட்டுவார்கள். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தக் கும்பலைக் கிழித்து ஓடுகிறவனுக்கு ரன்னிங் பாக் என்று பெயர். எங்கள் வீட்டு எஞ்சினியர்தான் அந்தக் கல்லூரியின் ரன்னிங் பாக்.

"படிக்க அனுப்பினால் மாடு மாதிரி முட்டிக்கொண்டு திரியிறியோ!" என்று அப்பா இடுப்புப் பட்டியை உருவினார். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். மார்கழியில் சோதனை முடிவு வந்தது. கணிதத்திலும் பௌதிகத்திலும் கோட்டை விட்டிருந்தான். அப்பா ஒரு கிழமை அவனோடு கதைக்கவில்லை.

ஜனவரியில் அந்தக் கோச் பெர்த்தியோம் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருந்த எங்கள் அப்பார்ட்மென்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பெரிய மனிதர் மாதிரி சோபாவில் உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்தது பிரெஞ்சு. அப்பாவுக்கு அது சுட்டுப் போட்டாலும் வராது. நடுவில் நான் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன். பற்றிக்கைப்போல் ஓடுகிற பையனைத் தான் கண்டதே இல்லை என்றார். அடுத்த பருவமும் இப்படி ஓடினால் பல்கலைக்கழகத்தில் இடம் எடுத்துத் தருவேன், அங்குள்ள கோச் என் கூட்டாளி என்றார்.

பல்கலைக்கழகம் என்ற சொல் என் வாயிலிருந்து விழுந்ததும் அப்பா எழுந்துபோய்த் தானே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார்.

"எஞ்சினியரிங்கோ எண்டு கேள் பிள்ளை."

கேட்டேன். "ஏன் கூடாது? பாடங்களை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் கோச்.

அடுத்த பருவம் தொடங்கியதும் அப்பாவைப் பார்க்க வேண்டுமே! பட்டியை உருவின மனுசன், குளிரில் பார்வையாளர் வாங்கில் ஏறி நின்று "ஓடடா மகன், ஓடு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அந்தப் பருவத் தொடக்கத்திலேயே பற்றிக்கின் கணுக்கால் பிரண்டது. அது மாறுவதற்குள் வலது முழங்கால். இந்தப் பருவம் முழுக்க ஓடக்கூடாது என்று டாக்குத்தர் சொன்னார். கோச்சோ ஊசி போடுவித்து, பட்டியால் இறுக்கிச் சுற்றி, ஓடு என்றார். வீட்டுக்கு வந்தால் அப்பா அதே முழங்காலுக்கு நோவெண்ணெய் பூசினார்.

"அப்பா, பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கு. உங்களுக்குக் கண் தெரியேல்லையோ?"

"கொஞ்ச நாள்தானே பிள்ளை. கம்பஸுக்குள்ள கால் வைச்சிட்டானெண்டால் ஆறுதலாய் இருந்து சுகப்படுத்தலாம்."

"கால் இருந்தால்தானே வைக்கிறதுக்கு!"

"உனக்குக் கிடைச்சும் போகேலாமல் போச்சு. அவனையும் மறிக்காதே" என்றார் அப்பா. எனக்கு அழுகை முட்டியது. அடுத்த நிமிடம் கோபம் அதை விழுங்கிவிட்டது. எண்ணெய்ப் போத்தலைத் தூக்கிச் சுவரில் எறியலாம் போல் இருந்தது.

இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். மாணவர்களின் பாடங்களைக் கவனிக்கிற செலீன் என்ற பெண்மணியைச் சந்தித்தேன். நாளைக்கு என் தம்பி விளையாடாவிட்டால் அவனுடைய எஞ்சினியரிங் இடம் பறிபோகுமா என்று கேட்டேன்.

"எஞ்சினியரிங்கா? அவன் விஞ்ஞானப் பிரிவிலேயே இல்லையே!" என்றாள் அவள்.

இன்னொரு தரம் பெயில் விட்டால் அணியில் வைத்திருக்க முடியாது என்பதற்காக, கோச் சொல்லி, ஜனவரியிலேயே அவனைப் பிரிவு மாற்றிவிட்டார்களாம். சினிமா ரசனை, ஓய்வுநேர முகாமை, உடற்பயிற்சி. அவற்றை வைத்துக்கொண்டு எஞ்சினியரிங் வாசலைக்கூட மிதிக்க முடியாது. வருகிற ஜனவரியில் கணிதத்தை ஆரம்பத்திலிருந்து படிப்பதென்றால் இடம் தரலாம் என்றாள். எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை எரிந்தது. 'பாடங்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.' நாசமாய்ப் போவான், நன்றாகத்தான் பார்த்திருக்கிறான்!

அன்று அப்பா வேலையிலிருந்து வர நடுச்சாமமாகிவிட்டது, பற்றிக் அணியோடு தங்கிவிட்டான், யாருக்கும் சொல்ல முடியவில்லை. அடுத்த நாள் மைதானத்துக்கு ஓடினேன். உடைமாற்றும் அறைக்கு வெளியே, கட்டுப் போட்ட காலோடு பற்றிக் நின்றான். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன்.

"தெரியும் அக்கா" என்றான்.

"தெரியுமோ? தெரிஞ்சுகொண்டோ இந்தக் காலைக் கொண்டுபோய் உடைக்கிறாய்? உனக்கென்ன விசரே?"

அவன் தலைக்கவசத்தைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான். "ஊரில ஆமி கலைக்க ஓடினனாங்கள். பிடிச்சால் அதோட சரி. இஞ்ச பிடிச்சு விழுத்தினால் விசில் ஊதுவாங்கள். விழுத்தினவனே கை தந்து தூக்கி விடுவான். அதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு."

"அப்பாவுக்கு ஆர் சொல்லுறது?" என்று கேட்டேன்.

"நீயே சொல்லு. இண்டைக்கு வேண்டாம். பார், எப்பிடிச் சந்தோசமாய் நிக்கிறார்."

ஆட்டத்தின் பின்பாதியில் பந்தை வாங்கி ஓடினான். பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து விழுந்தார்கள். உடம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். விசில் ஊதினார்கள். பற்றிக் எழும்பவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு போகும்போது சனம் எழுந்து நின்று கைதட்டியது. என்ன கண்டுவிட்டார்களென்று தட்டினார்கள்? என்ர மாதாவே, அந்த நேரம் அவ்வளவு பேருடைய கன்னத்திலும் அறைய எனக்குக் கை காணாமல் இருந்தது. கோச் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு அடுத்த பையனை உள்ளே அனுப்பினார்.

நடப்பான், ஆனால் இனி இந்த விளையாட்டு இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மறுநாள் கோச் பூங்கொத்தோடு வந்தார். பற்றிக்கின் தலையைத் தடவினார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்கள் அப்பாவிடம் சொல். பையன் சிங்கம். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு ஓடக்கூடியவன்தான் வேண்டும். அந்தப் பேச்சு இனி இல்லை" என்றார்.

நான் வாயைத் திறக்க முன்னம் அப்பா முந்திக்கொண்டார். "கால் சுகமானால் அடுத்த வருசம் எடுப்பினமோ எண்டு கேள் பிள்ளை. நான் எண்ணெய் போட்டு எழுப்பிவிடுவன் எண்டு சொல்லு."

எனக்குள் ஏதோ வெடித்தது. கோச்சைப் பார்த்துப் பிரெஞ்சில் சொன்னேன்: "அப்பா சொல்கிறார். என் மகனுடைய படிப்பையும் திருடினாய், காலையும் திருடினாய். உன் பூவையும் தூக்கிக்கொண்டு வெளியே போ. இனி எங்கள் வாசலில் கண்டால் தோலை உரித்துப்போடுவேன்."

கோச் அப்பாவைப் பார்த்தார். அப்பா 'ஓம், ஓம்' என்று பணிவாகத் தலையாட்டினார். கோச்சின் முகம் இரத்தமாய்ச் சிவந்தது. பூங்கொத்தை எடுத்துக்கொண்டு போயே விட்டார்.

"ஏன் பிள்ளை ஓடுறார்? என்ன சொன்னவர்?"

கட்டிலில் கிடந்த பற்றிக்கின் கண் என்மேலேயே இருந்தது. இரண்டு பாஷையும் தெரிந்தவன்.

"இனி அவன் ஓடவே கூடாதாம் அப்பா. எஞ்சினியரிங்குக்கு இவ்வளவு நாளும் எடுத்த பாடம் ஒண்டும் உதவாதாம். ஜனவரியில கணிதத்தை முதலில இருந்து தொடங்கட்டாம். கம்பஸுக்கு அது ஒண்டுதான் வழியாம்."

"அக்கா, ஆரைக் கேட்டு..." என்று பற்றிக் எழும்பப் பார்த்தான்.

"நீ வாயை மூடு. கோச் சொன்னால் கேக்கவேணும்."

அப்பாவின் கண் கலங்கிவிட்டது. "பாத்தியளே பிள்ளையள்! தன்ர ஆட்டம் போனாலும் போகட்டும், பிள்ளை படிக்கட்டும் எண்டு நினைக்கிறார். தங்கமான மனுசன். அந்த மனுசனுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்க வேணும்."

பற்றிக் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, கால் நோக நோகச் சிரித்தான்.

அடுத்த ஞாயிறு பூசையில் சுவாமியார், கோச் பெர்த்தியோமின் பெயரைச் சொல்லி மன்றாடினார். அப்பா முழங்கையால் என்னை இடித்தார்.

"சொல்லன் பிள்ளை."

"ஆமென்" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.