கேமராவுக்குள் என் கடை

கடைச் சாவியை மகனிடம் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. சாவியைத்தான் கொடுத்தேன், கண்ணை எடுக்கவில்லை. தர்மபுரியில் இருக்கும் என் ஹார்டுவேர் கடையில் மூன்று கேமராக்கள். மூன்றும் என் செல்போனில் தெரியும். "அந்த நீலச் சட்டைக்காரர் அஞ்சு நிமிஷமா நிக்கிறாரு, கவனிடா" என்று வீட்டிலிருந்தே மகன் சுபியானுக்குப் போன் போடுவேன். ஒரு நாளைக்கு முப்பது தடவை இருக்கும். எல்லாம் அவன் நல்லதுக்குத்தானே?

போன வாரம் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "அத்தா, ஓசூர் கம்பெனியில வேலைக்குக் கூப்பிடுறாங்க. நீங்க இப்படியே போன் போட்டுட்டு இருந்தீங்கன்னா நான் போயிடுவேங்க."

ஒரே மகன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.  இன்று காலை என் மனைவி சுல்தானா என்னை ஒகேனக்கல் பஸ்ஸில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டாள்.

"இன்னிக்கு ஒரு நாளாவது அவன வுடுங்க" என்றாள்.

ஆற்றங்கரைப் பாறையில் எண்ணெய் தேய்த்துவிடும் முனியப்பன் என்னைப் படுக்க வைத்தார். சுல்தானா என் போனை வாங்கிக்கொண்டு மர நிழலுக்குப் போய்விட்டாள். முனியப்பன் என் வலது கையைத் தூக்கினார். உடனே கீழே வைத்துவிட்டார்.

"பாய், நீங்களே தூக்குறீங்க. நாந்தான் தூக்கணும். கைய எங்கிட்ட வுடுங்க."

விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மறுபடி தொட்டார், அவருக்கு முன்னால் என் கை மேலே போய் நின்றது. எனக்கே வெட்கமாகிவிட்டது. ஏழாவது தடவையோ என்னவோ, எப்படி என்று தெரியவில்லை, கை தொப்பென்று அவர் உள்ளங்கையில் விழுந்தது.

அருவிச் சத்தம் எலும்புக்குள் இறங்கியது. கண் செருகியது. என் கடை அலமாரிகள் ஆற்றில் மெதுவாக மிதந்து வந்தன. ஆணிப் பெட்டிகள் தாமாகத் திறந்தன. ஆணிகள் மூழ்காமல், அவசரமே இல்லாமல், வெயிலில் மினுங்கிக்கொண்டு போயின. பின்னாலேயே தாழ்ப்பாள்கள், கீல்கள், குழாய்கள். பிடிக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. முப்பது வருடத்தில் நான் அவ்வளவு லேசாக இருந்ததில்லை.

குளித்துவிட்டு வந்ததும் பழக்கதோஷத்தில் போனை வாங்கித் திறந்தேன். பேசப் போவதில்லை, சும்மா பார்க்கத்தான்.

ஓர் அம்மா கடைக்குள் வந்தார். சுபியான் எழுந்தான். எழுந்த வேகத்தில் நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தான். என்னையா? கேமராவை. குழாயை எடுத்துக் காட்டினான், மறுபடி மேலே பார்த்தான். அந்த அம்மா ஏதோ சொல்லிச் சிரித்தார். அவனுக்கும் சிரிப்பு வந்தது. மேலே பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். எட்டு மாதமாக இதைத் தினமும் பார்த்திருக்கிறேன். கேமராவுக்குக் கீழே இருக்கும் சுவர்க் கடிகாரத்தில் மணி பார்க்கிறான் என்று நினைத்திருந்தேன்.

என் பிள்ளை என்னைக் கண்டு பயப்படுகிறான்.

"சுல்தானா, போன்ல இருந்து இந்தக் கேமராவ எப்படி எடுக்கிறது?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். வாங்கி ஏதோ இரண்டு இடத்தில் அழுத்தினாள். கடை மறைந்துவிட்டது.

பிறகு சுபியானைக் கூப்பிட்டேன்.

"என்னங்கத்தா, யாராச்சும் நிக்கிறாங்களா?" என்று பதறினான்.

"தெரியலப்பா. கேமராவ அழிச்சுட்டேன். எனக்கு இனி ஒண்ணும் தெரியாது."

அந்தப் பக்கம் சில்லறை எண்ணிக் கொடுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம், "ஒகேனக்கல் மீன் சாப்டீங்களாத்தா?" என்று கேட்டான்.

எட்டு மாதத்தில் கடையைப் பற்றி இல்லாமல் நாங்கள் பேசிய முதல் பேச்சு அதுதான்.