ஏழாம் பிளாக்கின் கரும்பச்சை

சுழல் நாற்காலி தன்னைக் கேட்காமல் எங்கேயாவது திரும்பிவிடும் என்ற பயத்தில், உயரத்தால் நெட்டை என்றே பெயர் வாங்கியவள் இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் அவளுடைய நாத்தனார் சிட்டுவுக்குக் கால் எட்டவில்லை. அவள் பாட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றிக்கொண்டிருந்தாள். இருவருடைய பூட்ஸிலிருந்தும் காய்ந்த சேறு உதிர்ந்து வெள்ளைத் தரையில் கிடந்தது. நெட்டை அதை ஓசைப்படாமல் நாற்காலிக்கு அடியில் தள்ளினாள்.

"சும்மா இருடி. நட்டு கழண்டு விழுந்துடப் போகுது."

"விழுந்தா உங்களுக்குத்தான் அடி அண்ணி. நான் தரைக்குப் பக்கத்துலதானே இருக்கேன்."

மரத்தோட்டத்திலிருந்து காலையிலேயே கம்பெனி வண்டி இருவரையும் ஏற்றி வந்திருந்தது. நாளைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பார்க்கப்போகும் ஏதோ ஒன்றை, மரம் அளந்தவர்கள் முதலில் பார்க்க வேண்டுமாம். அப்படிக் கேட்டவள் அதைச் செய்த வடிவமைப்பாளர். கண்ணாடி போட்ட, பேச்சில் அவசரம் உள்ள பெண். கதவைத் திறந்து, "வாங்க அக்கா" என்று இருவரையும் உள்ளே அழைத்துப் போனாள்.

சுவர் முழுக்கத் திரை. அதில் தோட்டம் இருந்தது. வானத்திலிருந்து பார்த்தால் எப்படியோ அப்படி, ஓடை வளைவு உட்பட. மரத்துக்கு ஒரு புள்ளியாக ஆயிரக்கணக்கில் பச்சைப் புள்ளிகள்.

"இதுக்கு டேஷ்போர்டுன்னு பேரு. எங்கேயோ விமானம் பறக்குது, தொழிற்சாலை ஓடுது. அந்தப் புகைக்கு ஈடா இந்த மரங்க காத்தைச் சுத்தம் பண்ணுதுன்னு ஒரு கணக்கு. எவ்வளவு பண்ணுதுன்னு மரம் பருத்ததை வெச்சுத்தான் சொல்ல முடியும். பருத்ததை யார் சொல்றது? நீங்கதான். ஒரு புள்ளியைத் தொடுங்க."

நெட்டை கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தொட்டாள். புள்ளி விரிந்து மரமானது. முந்நூற்றுப் பதினேழு. இடி விழுந்து ஒரு கிளை போன மரம். நாலு வருஷமாக அவள் டேப் சுற்றி எழுதிய நாலு எண்களும் வரிசையாக வந்தன. மழையில் அட்டைக்கடியோடு எழுதிய எண்ணும் இருந்தது.

அவளுக்கு மயிர் கூச்செறிந்தது. நடந்து நடந்து கால் தேய்ந்ததுதான் மிச்சம் என்று நினைத்திருந்தாள். நடந்த நடையெல்லாம் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு மரம்கூட விட்டுப்போகவில்லை.

"அம்மாடி, எல்லாமே இருக்கே!" என்றாள். கண் நிறைந்துவிட்டது.

"இன்னும் பெரிசா ஒண்ணு இருக்கு" என்று வடிவமைப்பாளர் வலது மூலையைத் தொட்டாள். ஏழாம் பிளாக். மற்றதெல்லாம் இளம்பச்சையாக இருக்க, அது மட்டும் கரும்பச்சையாக ஜொலித்தது. "அதே நாத்து, அதே மண்ணு. ஆனா இந்த வருஷம் ரெண்டு மடங்கு வளர்ச்சி. பார்த்தவங்க எல்லாரும் அசந்துபோயிட்டாங்க. பிள்ளைங்க தொட்டா மரம் கண்ணெதிரே பருக்கிற மாதிரி செஞ்சிருக்கேன்."

கரும்பச்சைக்குப் பக்கத்தில் சிட்டுவின் புகைப்படம் இருந்தது. டேப்பைப் பிடித்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்தபடி. சிட்டுவுக்குத் தலைகால் புரியவில்லை. கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியை விரலில் சுற்றினாள். புருஷன் போனபின் ஆறு வருஷம் அண்ணன் வீட்டின் ஒரு மூலையில் பாய் விரித்துப் படுத்தவள். ஏழாம் பிளாக்கால்தான் வேலை நிரந்தரமானது. போன மாதம்தான் மகளோடு சொந்தமாக ஒரு அறைக்குப் போனாள்.

நெட்டை மட்டும் திரையில் ஏழாம் பிளாக்கை அளந்த தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாட்கள். அவள் கை தானாகச் சட்டையின் நெஞ்சுப் பக்கம் போனது. அங்கே ஒரு சிவப்புப் பட்டன் இருந்தது. மரத்தைத் தரையிலிருந்து நூற்று முப்பது சென்டிமீட்டர் உயரத்தில்தான் அளக்க வேண்டும். ஒரு கையில் டேப், மறு கையில் நோட்டு இருக்க, அளவுக்குச்சியை எங்கே பிடிப்பது? தன் உயரத்துக்குக் கணக்குப் பார்த்து அவளே பட்டனைத் தைத்துக்கொண்டாள். மரத்தோடு ஒட்டி நின்று, பட்டன் படும் இடத்தில் டேப்பைச் சுற்றிவிடுவாள். அந்தப் பத்து நாளும் சிட்டு இந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு ஏழாம் பிளாக்கை அளக்கப் போனாள்.

வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் முந்நூற்றுப் பதினேழு திரையில் அப்படியே நின்றது, அவள் எழுதிய எண்ணை நம்பிக்கொண்டு. திருப்பி அளந்தால் தீர்ந்தது என்றுதான் நினைத்தாள்.

"மேடம், இது மரம் வளர்ந்ததில்ல" என்றாள். "சட்டை இறங்கினது."

வடிவமைப்பாளருக்குப் புரியவில்லை. நெட்டை கதவு நிலையோடு ஒட்டி நின்றாள். டேப்பால் தரையிலிருந்து பட்டன்வரை அளந்தார்கள். நூற்று முப்பது, நூல் பிசகவில்லை. பிறகு சேலைக்கு மேலே போட்டிருந்த சட்டையைக் கழற்றிச் சிட்டுவுக்குப் போட்டுவிட்டாள். முழங்கால்வரை வந்தது. பட்டன் நூற்று எட்டில் நின்றது. அடிமரம் எப்போதும் தடிமன்தானே.

"நான் பட்டனை விட்டு ஒரு நூல்கூட நகரலையே அண்ணி" என்றாள் சிட்டு. "ஒவ்வொரு மரத்துலயும் ரெண்டு தடவை பார்த்தேனே."

"பார்த்தேடி. அதான் எல்லா மரமும் ஒரே மாதிரி தப்பாயிருக்கு."

வடிவமைப்பாளர் பட்டனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். "இந்தப் பட்டனா?" என்றாள், நம்ப முடியாமல். பிறகு மேலாளரைக் கூப்பிட்டாள்.

மேலாளர் நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். நடுவில் குறுக்கிடவே இல்லை.

"நானே ரெண்டு நாள்ல திரும்ப அளந்து கொடுத்துடறேன் சார்" என்றாள் நெட்டை.

"வேண்டாம். ஏழாம் பிளாக் அறிக்கை வெளியே போயாச்சு. அதை நம்பி, தங்க புகைக்கு ஈடா இந்தக் கணக்கைக் காசு கொடுத்து வாங்கினவங்க இருக்காங்க. நாளைக்குத் திறப்பு. ஒரு நிறத்தையும் தொடக்கூடாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா தப்பா அளந்தவங்களை வெச்சுக்க முடியாது. பின்னாடி யாராவது கண்டுபிடிச்சாலும், அப்பவே ஆளை எடுத்துட்டோம்னு நாங்க சொல்லணும்."

"பட்டன் தெச்சது நான் சார். சட்டை என்னுது. என்னை எடுங்க."

"உங்க அளவெல்லாம் சரியாத்தானே இருக்கு?"

வடிவமைப்பாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு புகைப்படத்தை மட்டும் எடுத்தாள். அந்த இடத்தில் ஒரு இலை வந்தது.

சிட்டு அழவில்லை. சட்டையைக் கழற்றி மடித்து அண்ணியிடம் கொடுத்தாள். "நீங்க உண்மையைத்தானே சொன்னீங்க" என்றாள். அதைவிட அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று நெட்டைக்கு இருந்தது.

மறுநாள் காலை பிள்ளைகள் வந்தார்கள். கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல நெட்டையைத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். கம்பெனி கொடுத்த புதுச் சட்டை. கஞ்சி போட்டு விறைப்பாக இருந்தது.

பிள்ளைகள் கூட்டமாக ஏழாம் பிளாக்குக்கு ஓடினார்கள். ஒரு விரல் பட்டதும் அடிமரம் திரண்டு, கிளை விரிந்து, சுவர் முழுக்க இலை நிறைந்தது. "ஆ!" என்ற சத்தம் கூடம் முழுக்க எழுந்தது. நெட்டைக்கும், பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, உடம்பு சிலிர்த்தது. பொய் என்று தெரிந்தும் சிலிர்த்தது.

"ஆன்ட்டி, இதை யார் அளந்தாங்க?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

நெட்டை கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். வாயிலில் காவலாளியின் மேஜை சிட்டுவின் நெஞ்சுயரம் இருந்தது. அவள் எக்கி, பூட்ஸையும் டேப்பையும் அடையாள அட்டையையும் ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்தாள். கழுத்துச் சாவிக்கயிறும் அட்டையோடு சேர்ந்து வந்துவிட்டது. சிக்கலைப் பிரித்துச் சாவியை மட்டும் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.

சிறுமி திரைப்பக்கம் திரும்பினாள். எக்கிக் கரும்பச்சையை மறுபடி தொட்டாள். மரம் மறுபடியும் பருத்தது.