சேகரித்தவர்: பாண்டியராஜ்

சென்னை ரயில் அன்றைக்கென்று பார்த்துச் சரியான நேரத்துக்கு வந்து தொலைத்தது. வினோலியா இன்னும் அட்டையைப் பிரித்துக்கூட முடிக்கவில்லை. ‘காட்டுப்பூ சுற்றுலா, மூன்று நாள்’ என்று அதில் பச்சை மையால் எழுதியிருந்தாள். திண்டுக்கல் ஸ்டேஷனில் அதைப் படித்தவர்கள் அவளையும் ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்கள். மூட்டை மூட்டையாக மல்லிகையும் சம்பங்கியும் ஏலம் போகிற ஊரில், பூவைச் சும்மா பார்ப்பதற்கு ஆள் திரட்டுகிறவளை வேறு எப்படிப் பார்ப்பார்கள்?

"வேன் வாசல்லயே நிக்குது மேடம்," என்றார் மன்சூர். பேகம்பூர்க்காரர், வேன் அவருடையது. "மொத்தம் எத்தன பேரு?"

"ஒம்பது பேரு. எட்டுப் பேரு சும்மா சுத்திப் பாக்க வாராங்க. ஒருத்தவங்கதான் முக்கியம்."

அந்த ஒருத்தர் டாக்டர் கமர்ஜஹான். வயது எழுபது. செடிகொடிகளை இனம் கண்டு பெயர் சூட்டும் வேலையில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சரி என்றால் புது இனம். உதட்டைப் பிதுக்கினால் அத்தோடு கதை முடிந்தது.

வினோலியா கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. மூன்று வருடத்துக்கு முன் ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு நாளில், பழனிப் பக்கம் பாலசமுத்திரத்துக்கு அப்பால் ஒரு தென்னந்தோப்பை ஒட்டிய கரட்டில் அந்தச் செடியைப் பார்த்தாள். தரையில் பூக்கிற ஆர்க்கிட். ஒரு சாண் தண்டில் நெருக்கமாக வெள்ளைப் பூக்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் மஞ்சள் கோடு. எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. எண்ணினால் பத்தொன்பது செடி. சுற்றுவட்டாரக் கரடுகளையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்தும் இருபதாவது கிடைக்கவில்லை.

புது இனம் என்று நிரூபிக்க ஒரு செடியைப் பிடுங்கி, அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டி, சேகரித்தவர் பெயரோடு கொடுக்க வேண்டும். அதுதான் முறை. இருப்பதே பத்தொன்பது, அதில் ஒன்றைக்கூடத் தொட மாட்டேன் என்று வினோலியா பிடிவாதமாக நின்றாள். படங்களை மட்டும் வைத்து எழுதிய கட்டுரையை இரண்டு ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. கல்லூரியில் ‘உங்க ஆர்க்கிட் சௌக்கியமா மேடம்?’ என்று விசாரித்துவிட்டுத் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். அவளும் கூடச் சிரித்துவைப்பாள். வீட்டுக்கு வந்து அழுததும் உண்டு.

கடைசியில் கமர்ஜஹானுக்கு எழுதினாள். ‘படத்தை நம்பி நான் கையெழுத்துப் போடுவதில்லை. ஒன்று செடியை அனுப்பு, இல்லையென்றால் நானே வந்து பார்க்கிறேன்’ என்று பதில் வந்தது. அதற்காகத்தான் இந்தச் சுற்றுலாவே. பூ நிற்பது ஒரு வாரம். அடுத்த மாதம் கமர்ஜஹானுக்கு மூட்டு அறுவை சிகிச்சை. அடுத்த வருடம் கரடு ஏற அவரால் முடியுமா என்பது அவருக்கே தெரியாது.

தொப்பியும் கேமராவுமாக எட்டுப் பேர் இறங்கினார்கள். கடைசியாகக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கமர்ஜஹான் இறங்கினார்.

"நீதானா வினோலியா? கரடு ரொம்பச் செங்குத்தா?"

"இல்ல மேடம், மெதுவா ஏறிரலாம். நான் இருக்கேன்ல."

வினோலியா அவர் பையை வாங்கிக்கொண்டு திரும்பியபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாண்டியராஜ் வந்தார். கரடும் தென்னந்தோப்பும் அவருடையவை. வெள்ளை வேட்டி சட்டை, கையில் வாழை இலைப் பொட்டலம். பழனியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்திருக்க வேண்டும். இவர் இங்கே எதற்கு என்று வினோலியா யோசித்து முடிப்பதற்குள், பொட்டலத்தைப் பிரித்து உள்ளே இருந்த மாலையை எடுத்துக் கமர்ஜஹான் கழுத்தில் போட்டுவிட்டார்.

சென்னைக்காரர்கள் கைதட்டினார்கள். இரண்டு பேர் படம் எடுத்தார்கள்.

"வாங்கம்மா," என்று கும்பிட்டார் பாண்டியராஜ். "எங்க கரட்டுப் பூவப் பாக்கறதுக்குன்னே இந்த ரயில்ல நீங்க வர்றதா மேடம் சொன்னாங்க. இத்தன பெரியவங்க வர்றப்ப, கடையில விக்கிற ரோசாப்பூ மாலையப் போட்டா நல்லாருக்குங்களா? மூட்டு வலியோட நீங்க கரடு ஏற வேண்டாமுன்னு இங்கயே கொண்டாந்துட்டனுங்க."

கமர்ஜஹான் மாலையைக் கழற்றாமலேயே கைப்பையிலிருந்து லென்ஸை எடுத்து, ஒரு பூவைக் கண்ணருகே தூக்கிப் பிடித்தார். இரண்டு நிமிடம் ஆனது. பக்கத்தில் ஒருவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். கமர்ஜஹான் கை காட்டி அடக்கிவிட்டார்.

"நான் உன்னை நம்பலை," என்றார் வினோலியாவிடம். "மன்னிச்சிரு. இது புதுசுதான்."

அந்த வார்த்தைக்காக மூன்று வருடம் காத்திருந்தவளுக்குக் கல்லூரியில் சிரித்த முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அந்த ஒரு நிமிடம் வினோலியா சந்தோஷமாகத்தான் இருந்தாள். மாலையில் எத்தனை தண்டு என்று எண்ணிப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. கேட்டது கமர்ஜஹான்தான்.

"அங்க இன்னும் எத்தனை நிக்குது?"

"ஒண்ணும் இல்லீங்கம்மா. பத்தொம்போதும் இதுலதானுங்க இருக்குது. கொறஞ்சா மால கட்டப் பத்தாதுன்னு ஊட்டுக்காரி சொல்லிட்டா."

"கிழங்கு?"

"மழை பேஞ்ச மண்ணுங்க, இழுத்ததும் கெழங்கோட வந்துருச்சு. அதக் கிள்ளி ஓடையில போட்டுட்டனுங்க. நேத்து மத்தியானம்."

"நேத்து ராத்திரி அந்தப் பக்கம் பேய்மழையாச்சே, ஓடை எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிருக்குமே," என்றார் மன்சூர்.

கமர்ஜஹான் பெஞ்சில் உட்கார்ந்து மாலையைக் கழற்றினார். வாழைநாரை அவிழ்த்து, கசங்காத தண்டு ஒன்றைப் பார்த்து எடுத்து, செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து மூடினார். சென்னைக்காரர்கள் சுற்றி நின்றார்கள். ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்பது மட்டும் அவர்களுக்குப் புரிந்திருந்தது. கமர்ஜஹான் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வினோலியாவிடம் நீட்டினார்.

"எழுது. இடம், தேதி. சேகரித்தவர்னு இருக்கிற இடத்துல அவர் பேரு."

"மேடம்..."

"பறிச்சவங்க பேரைத்தான் போடணும். உனக்குத் தெரியாததா?"

வினோலியா எழுதினாள். பாண்டியராஜ் எட்டிப் பார்த்தார்.

"எம் பேருங்களா?" முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "அப்பா பேரையும் சேத்துக்கங்க மேடம். சுப்பையன்."

அதையும் சேர்த்துக்கொண்டாள். அடுத்த வரி எண்ணிக்கை. ‘பத்தொன்பது. இப்போது எதுவும் இல்லை’ என்று எழுதினாள். தன் பெயர் சரியாக வந்திருக்கிறதா என்று குனிந்து படித்தவர், அந்த வரியையும் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"எதுவும் இல்லீன்னா? அடுத்த மழைக்கு மொளைக்காதுங்களா?"

"கெழங்கு இருந்தாத்தான் மொளைக்கும்," என்றாள் வினோலியா.

"வேற எங்கயாச்சும் இருக்குமுங்களே."

"வேற எங்கயும் இல்ல."

பாண்டியராஜ் பெஞ்சில் கிடந்த பூக்களைப் பார்த்தபடி நின்றார். அவர் பேசியபோது குரலில் கோபம் இல்லை.

"ஆட்ட விடாதீங்கன்னு சொன்னீங்க, விடல. பசங்களக் கிட்டச் சேக்காதீங்கன்னீங்க, சேக்கல. ஆருகிட்டயும் மூச்சு விடாதீங்கன்னீங்க, எம் பொண்டாட்டிகிட்டயே நேத்துதான் சொன்னேன். பறிக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கை வெச்சிருப்பனுங்களா மேடம்?"

மூன்று வருடமாக அவர் தோப்பில் இளநீர் குடித்திருக்கிறாள். கரட்டைக் காவல் காக்கச் சொன்னவள், அந்தப் பூ வேறெங்கும் இல்லை என்று சொன்னதில்லை. அந்தச் செடியைப் பற்றி முப்பத்தெட்டுப் பக்கம் எழுதி, முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தாள்.

"சொல்லலைங்க," என்றாள் வினோலியா. "உங்ககிட்டச் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல."