மருந்து என்று சொன்ன பொடி

தெருவில் அவளுக்குப் பெயர் பினாயில் அக்கா. ஈ உட்கார்ந்த டம்ளரை மூன்று முறை கழுவுகிறவளுக்கு வேறு என்ன பட்டப்பெயர் வைப்பார்கள்? அப்படிப்பட்டவளின் கொட்டகையில்தான் போன தடவை கறிக்கோழிகள் கூட்டம் கூட்டமாகக் கழிந்து செத்தன. குஞ்சு கொடுக்கும் கம்பெனியின் மேற்பார்வையாளர் மூக்கைப் பொத்திக்கொண்டே சொல்லிவிட்டார்: “அடுத்த தடவையும் இப்படி ஆச்சுன்னா இந்தக் கொட்டகைக்கு இனிமே குஞ்சு வராதும்மா.” புருஷன் போன பிறகு அவளுக்கும் தம்பிக்கும் சோறு போட்டது அந்தக் கொட்டகை ஒன்றுதான்.

புதுக் குஞ்சுகள் வந்ததும் கால்நடை டாக்டர் தம்பியிடம் ஒரு பொடியைக் கொடுத்தனுப்பினார். குடல் கெடாமல் இருக்கக் குடிதண்ணீரில் கலக்க வேண்டுமாம்.

“என்னடா இது?”

“மருந்துக்கா.”

அவளும் தினமும் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் நிரப்பி, ப்ளீச்சிங் பவுடர் போட்டு, அதன் மேல் பொடியையும் கலந்தாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை. தவறியிருந்தாலாவது தேவலை.

கோழிகள் மறுபடியும் கழிந்தன. தரையில் பரப்பிய உமி சதசதவென்று ஈரமானது. தின்ற தீவனம் செரிக்காமல் எச்சத்தில் அப்படியே வந்தது. சிறகைத் தொங்கப்போட்டு மூலையில் ஒடுங்கியவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். வாரக் கடைசியில் மேற்பார்வையாளர் வருகிறார்.

டாக்டரை வரவழைத்தாள். அவர் செத்த கோழி ஒன்றை அறுத்துக் குடலைப் பார்த்தார். பிறகு தொட்டியில் குனிந்து மோந்தார்.

“ப்ளீச்சிங் போடுறீங்களா?”

“ஒரு நாளும் விட்டதில்ல டாக்டர்” என்றாள் பெருமையாக.

“அடக் கடவுளே! அந்தப் பொடியில இருக்கிறது உயிருள்ள நல்ல கிருமிம்மா. கோழி குடல்ல குடியேறி, கெட்ட கிருமிக்கு இடம் விடாம பார்த்துக்கும். தொட்டியிலயே அதைக் கொன்னுட்டீங்களே! உங்க தம்பிகிட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

அவள் திரும்பினாள். தம்பி தரையைப் பார்த்தான்.

“எங்கிட்டச் சொன்னியாடா?”

“கிருமின்னு சொன்னா பாக்கெட்டோட சாக்கடையில கொட்டியிருப்பக்கா. அதான் மருந்துன்னேன்.”

“ப்ளீச்சிங்கையாவது நிறுத்தச் சொல்லியிருக்கலாமேடா, பாவி!”

“ஏன்னு கேட்பியே...”

அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அவன் சொன்னது உண்மை. கண்டிப்பாகக் கொட்டியிருப்பாள். அது தெரிந்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நோய் வந்துவிடக் கூடாதே என்று செய்த காரியம்தான் நோய்க்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. யாரை நொந்து என்ன பிரயோஜனம்?

“இப்ப குடுத்தா பொழைக்குமா டாக்டர்?”

“முத்தினதைப் பிரிச்சு வைங்க, அதுக்கு வேற வைத்தியம் பண்றேன். மத்ததுக்கு ப்ளீச்சிங் இல்லாத தண்ணியில இதைக் கலந்து குடுங்க. போர் தண்ணியைச் சோதிச்சாச்சு, நல்லாத்தான் இருக்கு. ஆனா கெட்டது முந்திக்கிட்டு இடம் பிடிச்சிருச்சும்மா. எத்தனை தேறும்னு சொல்ல முடியாது.”

டாக்டர் போனதும் தம்பி ஈர உமியை வாரிக் கொட்டினான். அவள் தொட்டியை வெறும் தண்ணீரில் அலசி அலசி ஊற்றினாள். நிரப்பியதும் பழக்கதோஷத்தில் கை ப்ளீச்சிங் டப்பாவுக்குப் போயிற்று. சுட்டதுபோல் இழுத்துக்கொண்டாள்.

பொடியைப் போட்டுக் கலக்கினாள். கிருமி என்ற பேச்சுக்கே கை கழுவப் போகிறவள், தண்ணீரில் முகம் படும் அளவுக்குக் குனிந்தாள்.

“செத்துடாதீங்க சாமி” என்று கண்ணுக்குத் தெரியாத அந்தக் கிருமிகளிடம் கெஞ்சினாள். “எப்படியாவது உள்ள போய்ச் சேர்ந்துடுங்க. உங்களை விட்டா எங்களுக்கு வேற நாதியில்ல.”