பொட்டலம் நேராக நடக்கும் கதை

1.

இந்தக் கதை எழுத வேண்டி வந்த காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாய்க்குட்டி எடுத்துவந்த காப்பகத்தில் நாலு வரி கேட்டார்கள்.

"பதினாலாவது நாள் நான் வீட்டுக்கு வந்து பாப்பேன். எல்லாம் சரியா இருந்தா அன்னைக்கே கையெழுத்து, குட்டி உங்களுது," என்றார் காப்பகத்து அக்கா. "அதுக்கு முன்னாடி நாலு வரி எழுதி அனுப்பிடுங்க, ஒரு போட்டோவோட. எங்க பேஸ்புக் பக்கத்துல போடுவோம். அதைப் படிச்சிட்டு இன்னும் ரெண்டு பேர் வருவாங்க."

நாளைக்குப் பதினாலாவது நாள். நாலு வரிக்காக உட்கார்ந்து நாலு நாளாகிறது. உண்மையை எழுதினால் குட்டியைத் திருப்பிக் கேட்பார்கள் என்று பயம். பொய்யை எழுதினால்

(இந்த வாக்கியம் மேலே போகவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.)

2.

தொடக்கம், முதல் முயற்சி: "அவள் எங்கள் வீட்டுக்கு வெளிச்சமாக வந்தாள்." அடித்துவிட்டேன். வந்த அன்றைக்கு அவள் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் மூன்று மணி நேரம் வெளியே வரவில்லை. வெளிச்சம் அப்படிச் செய்யாது.

இரண்டாவது முயற்சி: "கொட்டும் மழையில், சிமென்ட் குழாய்க்குள் கிடந்த ஐந்து குட்டிகளில்..." இதையும் அடித்துவிட்டேன். மழையில் நனைந்து குழாய்க்குள் கையை விட்டு எடுத்தது அக்கா. அது அவர் கதை. நான் அன்றைக்கு வீட்டில் மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்தேன்.

மூன்றாவது முயற்சி. இது எப்படியோ நிற்கிறது:

ஒரு லிஃப்ட் மெக்கானிக் இருந்தார். வயது ஐம்பத்தொன்று. மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இரவுப்பணி நர்ஸ். அவர் காலை ஆறரைக்குக் கிளம்புவார், அந்த அம்மா எட்டு மணிக்கு வந்து சேருவார். சாயந்திரம் அவர் ஆறரைக்கு வருவார், அந்த அம்மா ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவார். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் புருஷன் பெண்டாட்டி. மற்ற நேரத்துக்கு அடுப்படி மேடையில் ஒரு நோட்டு கிடக்கும். செய்ய வேண்டியதை அதில் எழுதி வைப்பார்கள், முடித்ததும் கோடு போட்டு அடிப்பார்கள். பால், கரன்ட் பில், மாமியாருக்கு போன். இருபத்திரண்டு வருஷமாக எங்கள் சண்டையில் முக்கால்வாசி அந்த நோட்டில்தான் நடந்திருக்கிறது.

(பக்க ஓரத்தில், என் மனைவியின் கையெழுத்து: "மேல 'அவர்', கீழ 'எங்கள்'. ஒண்ணை முடிவு பண்ணுங்க. மாமியாருக்கு போன் போட்டு எத்தனை நாளாச்சுன்னும் எழுதுங்க.")

இந்தக் கதையையும் அதே நோட்டின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன். அதனால் அவள் அவ்வப்போது உள்ளே வருவாள். தடுக்க முடியாது. 'அவர்' என்றே வைத்துக்கொள்கிறேன். 'நான்' என்று எழுதினால் அடுத்த வரி வரமாட்டேன் என்கிறது.

3.

குட்டியைப் பார்த்தால் நாலு நாயின் மிச்சத்துணியில் தைத்த மாதிரி இருக்கும். நீட்டு உடம்பு, குட்டைக் கால், எந்த வம்சத்திலும் சேராத மூஞ்சி, முதுகு நெடுக ஒரு கறுப்புக் கோடு. எடை இரண்டு கிலோ சொச்சம். துண்டில் சுருட்டி மெக்கானிக்கின் கையில் கொடுத்தபோது மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. "என்னங்க, பொட்டலம் கட்டிக் குடுத்துட்டாங்க," என்றாள் மனைவி. பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

துண்டோடு ஒரு சின்ன மருந்து பாட்டிலும் வந்தது. வயிற்றுப்போக்குக்கு. தினமும் காலையில் ஒரே ஒரு தடவை, அரை மில்லி, ஏழு நாள். கூடவே ஒரு தாள். அதில் மூன்றாவது வரி: 'உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கே எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் குட்டி திரும்பப் பெறப்படும்.'

இரண்டாம் நாள் காலையில், முதல் தடவை, மெக்கானிக்தான் கொடுத்தார். பத்து நிமிஷத்தில் பொட்டலம் அத்தனையையும் அவர் காலணிக்குள் வாந்தி எடுத்தது.*

* எந்தக் காலணி என்பது கதைக்குத் தேவையில்லை. ஆனால் அதே ஈரத்தோடு ஒரு கண்ணாடி லிஃப்ட்டில் பன்னிரண்டு மாடி ஏறினார். கூட ஏறியவர்கள் கூரையைப் பார்த்தார்கள்.

மறுநாளிலிருந்து அவர் ஒரு ஏற்பாடு செய்தார். ஆறு மணிக்கு மருந்து கொடுப்பார். நோட்டில் 'பொட்டலம் மருந்து' என்ற வரியை மட்டும் அடிக்காமல் விட்டுப் போவார். மனைவி எட்டு மணிக்கு வந்து, மருந்து வயிற்றில் தங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடிக்கட்டும் என்று நினைத்தார்.

நினைத்தார். சொல்லவில்லை.

4.

இங்கே எனக்கு இந்த ஆள் மேல் சந்தேகம் வருகிறது. இருபத்தெட்டு வருஷம் லிஃப்ட் கயிறு பார்த்தவர். ஒரு நூல் இழை பிரிந்தாலும் கண்டுபிடிக்கிறவர். 'குடுத்தாச்சு' என்று ஒரு வார்த்தை எழுத மாட்டாரா? வாசகர் நம்புவாரா?

அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் தொழிலில், தான் பார்த்த வேலைக்குத் தானே கையெழுத்துப் போடக்கூடாது. ரிப்பேர் செய்தவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இன்னொருத்தர் ஏறி, மேலேயும் கீழேயும் ஓட்டிப் பார்த்து, அவர்தான் கையெழுத்துப் போடுவார். இந்தப் பழக்கத்தால் அவர் பார்த்த லிஃப்ட்டில் இதுவரை ஒருத்தருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

மனைவியின் தொழிலில் நேர் எதிர். மருந்து கொடுத்த கைதான் கையெழுத்துப் போட வேண்டும், அந்த நிமிஷமே. கையெழுத்து இல்லையென்றால் மருந்து கொடுக்கவில்லை என்றுதான் கணக்கு. அந்தப் பழக்கத்தால் அவள் வார்டிலும் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

அதனால் எட்டு மணிக்கு வந்தவள் அடிக்காத வரியைப் பார்த்தாள். 'பாவம், மறந்துட்டுப் போயிட்டார்' என்று அரை மில்லி கொடுத்தாள். உடனே அடித்தாள். சாயந்திரம் மெக்கானிக் அடித்த வரியைப் பார்த்து, வாந்தி இல்லை என்று நிம்மதியானார். நாலு நாள் இப்படி. இரண்டு பேருமே ஒழுங்காக வேலை செய்தார்கள்.

(ஓரத்தில்: "ரெண்டு பேருமே ஒழுங்குன்னு ஈசியா எழுதிட்டீங்க. தினமும் மறந்துட்டுப் போறாரேன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கணும் நான். அதையும் போடுங்க.")

போட்டுவிட்டேன்.

5.

ஏழாவது நாள் காலையில் மனைவி போன் செய்தபோது மெக்கானிக் ஒரு லிஃப்ட்டின் கூரை மேல் நின்றிருந்தார்.

"குட்டி நடக்க மாட்டேங்குது. எழுந்தா இடது பக்கம் சரியுது. கண்ணு ரெண்டும் ஊஞ்சல் மாதிரி ஆடுது. வாங்க."

"வாந்தியா?"

"வாங்கன்னு சொன்னேன்."

கால்நடை மருத்துவர் சின்ன வயசுப் பெண். பொட்டலத்தை மேஜையில் நிற்கவைத்தார், அது சரிந்தது. மறுபடியும் நிற்கவைத்தார், மறுபடியும் சரிந்தது. அப்புறம் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

"ஏழு நாள் குடுத்தாலும் இதுல மிச்சம் இருக்கணுமே. கொட்டிடுச்சா?"

"இல்லைங்களே."

"யாரு குடுக்கறீங்க?"

"நான்தான்," என்றார்கள் இரண்டு பேரும்.

டாக்டர் பாட்டிலைக் கீழே வைத்தார்.

"நீங்க எதுக்குங்க குடுத்தீங்க?" என்றாள் மனைவி.

"காலைல ஆறு மணிக்கு வீட்ல வேற யார் இருக்கா?"

"நோட்டுல அடிக்கவே இல்லையே."

"நீ பாத்துட்டு அடிப்பேன்னு விட்டேன்."

"என்னத்தைப் பாத்துட்டு?"

"வாந்தி எடுக்குதா இல்லையான்னு."

"எடுக்காத வாந்தியை நான் எங்க போய்ப் பாக்கறது?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் வெளில நின்னு பேசறீங்களா," என்றார் டாக்டர். "எனக்கு இவ நெஞ்சுச் சத்தம் கேக்கணும்."

இரண்டு பேரும் வெளியே போய் நின்றார்கள். சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை ஆளுக்கொரு பக்கத்திலிருந்து படித்தார்கள்.

திரும்பக் கூப்பிட்டு டாக்டர் சொன்னது இவ்வளவுதான். இந்த மருந்து அதிகமாகப் போனால் தலை சுற்றும். நிறுத்திவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும், வாரம் பத்து நாள் ஆகலாம். சில குட்டிகளுக்கு அந்தச் சாய்ந்த நடை நிரந்தரமாகத் தங்கிவிடுவதும் உண்டு. இப்போதைக்குச் சொல்ல முடியாது.

"காப்பகத்துக்குச் சொல்லிடுங்க. அவங்ககிட்ட இருக்கற இவ மருத்துவக் கார்டுல ஏத்தணும். நாளைக்கு வேற டாக்டர் தெரியாம இதே மருந்தை எழுதிட்டா கஷ்டம்."

"இன்னைக்கே சொல்லிடறோம்," என்றார் மெக்கானிக்.

6.

சொல்லவில்லை.

இந்தப் பகுதியை எப்படி எழுதினாலும் அவர் நல்லவராகத் தெரிய மாட்டேன் என்கிறார். மூன்று தடவை எழுதினேன். ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல் வரவைத்துக்கூடப் பார்த்தேன்.

அக்கா தினமும் விசாரித்தார். "எப்படி இருக்கா என் பொண்ணு?" "ஜோரா இருக்கா." போட்டோ கேட்டார். உட்கார்ந்தால் தலை சாய்கிறது, நின்றால் உடம்பு சாய்கிறது. அதனால் படுத்திருக்கும்போது எடுத்தார். ஐந்து நாள், ஐந்து போட்டோ, ஐந்திலும் படுக்கை. 'நல்ல சோம்பேறி' என்று அக்கா பதில் போட்டார். மெக்கானிக் அதற்குச் சிரிக்கிற பொம்மை ஒன்று அனுப்பினார். அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தார்.

சாயந்திரம் வந்ததும் தரையில் ஒரு டேப் ஒட்டுவார். பத்தடி நீளம். ஒரு முனையில் குட்டி, மறுமுனையில் அவர். லிஃப்ட் தரையும் மாடித் தரையும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்ப்பதுபோல் முட்டி போட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். எட்டாவது நாள் மூன்று அடியில் விழுந்தது. பத்தாவது நாள் ஐந்து அடி. பன்னிரண்டாவது நாள் பத்தடியும் வந்தது, ஆனால் டேப்பை விட்டு ஒன்றரை அடி இடது பக்கம், சோபாக் காலில் முட்டிக்கொண்டு. முட்டியதற்கு அது அழவில்லை. வாலை ஆட்டியது.

ஏன் சொல்லவில்லை என்று அவரிடம் நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். இருபத்திரண்டு வருஷமாக அவர் வீட்டுக்கு வந்தால் மனைவி கிளம்பிக்கொண்டிருப்பாள், இல்லையென்றால் வீடு பூட்டியிருக்கும். இப்போது அவருக்காக ஒரு ஜீவன் கதவுக்குப் பின்னால் காத்திருக்கிறது. சாவி சத்தத்துக்கே கீச்சுக்கீச்சென்று கத்துகிறது. அதை விட அவருக்கு மனம்

(ஓரத்தில்: "உருக்காதீங்க.")

சரி.

7.

இன்றைக்குச் சாயந்திரம், எங்கள் அரை மணி நேரத்தில், இதுவரை எழுதியதை அவள் படித்தாள். சீருடை மாற்றிவிட்டு, நின்றபடியே.

முடிவு மூன்று வைத்திருந்தேன். ஒன்றில் காலையில் பொட்டலம் நேராக நடக்கிறது, அக்கா கையெழுத்துப் போடுகிறார், யாருக்கும் ஒன்றும் தெரியாது. இரண்டில் அக்கா வருகிற நேரம் அது தூங்கிக்கொண்டிருக்கிறது. மூன்றில் நடை சாய்கிறது, அக்கா கேட்கிறார், கட்டிலிலிருந்து விழுந்துவிட்டது என்று மெக்கானிக் சொல்கிறார்.

"மூணுலயும் சொல்லவே மாட்டேங்கறாரே உங்க ஆளு," என்றாள்.

"கதைதானே."

"உங்களுக்குக் குட்டியைத் திருப்பிக் குடுத்துடுவோமோன்னு பயம். என் பயம் வேற. கார்டுல ஏறலைன்னா, நமக்கப்புறமோ நம்மகிட்ட இருக்கறப்பவோ, யாரோ ஒருத்தர் ஒழுங்கா வேலை பாக்கறவங்க, இதே மருந்தை இன்னொரு தடவை எடுத்துக் குடுப்பாங்க. அப்ப யார் போய் நிப்பா?"

"சொன்னா கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"போகலாம்."

"நீ அழுவ."

"வார்டுல போய் அழுதுக்கறேன். யாரும் கேக்க மாட்டாங்க." கைப்பையை மாட்டினாள். கதவு வரைக்கும் போனவள் திரும்பி, "நாலு வரிதானே கேட்டாங்க. இதையே அனுப்புங்க," என்றாள். "என் ஓரத்து எழுத்தையும் சேத்து அனுப்புங்க. எடுத்துடாதீங்க."

அக்கா, அதனால் இது உங்களுக்கு வருகிறது. மெக்கானிக் என்று ஒருத்தர் இல்லை. நான்தான். நாலு நாள் இரட்டை மருந்து கொடுத்தோம், ஆறு நாள் உங்களிடம் மறைத்தோம். படுத்திருக்கிற ஐந்து போட்டோவும் வேண்டுமென்றே எடுத்தவை. மருந்தின் பேர், கொடுத்த அளவு, டாக்டர் எழுதிய சீட்டு மூன்றையும் படம் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் இருந்தாலும் வேறு வீட்டுக்குப் போனாலும், முதலில் கார்டில் ஏற்றிவிடுங்கள். உங்கள் பக்கத்தில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். படித்துவிட்டு வரும் இரண்டு பேர் வராமலும் போகலாம். ஆனால் வருகிறவர்கள், மருந்து யார் கொடுப்பது என்று முதல் நாளே வாயைத் திறந்து பேசிக்கொள்வார்கள்.

நாளைக்கு இரண்டு பேரும் வீட்டில் இருப்போம். நான் லீவு போட்டாயிற்று. அவள் தூங்காமல் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

போகும்போது இன்னொன்றும் சொன்னாள். குட்டியைக் கொண்டுபோகும் பெட்டியை எடுத்துக் கதவுப் பக்கம் வைக்கச் சொன்னாள். நீங்கள் கேட்டால், தேடிக்கொண்டு நிற்கக்கூடாதாம். பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி வைத்தேன். பொட்டலம் சாய்ந்து சாய்ந்து வந்து மோந்து பார்த்தது. பிறகு உள்ளே போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது. அதற்குப் புது இடம் பிடித்துவிட்டது போல.

கூப்பிட்டுப் பார்த்தேன். வரவில்லை. தூங்குகிறது.

நாலாவது முடிவு என்னிடம் இல்லை, அக்கா. எட்டு என்று எண் மட்டும் போட்டு இடம் விட்டிருக்கிறேன். பத்து மணிக்கு வந்து நீங்களே எழுதுங்கள்.

8.