போர் ஓய்ந்த நாளின் தாள்

பழைய செய்தித்தாளைத் தண்ணீரில் போட்டால் கரையாது என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. பழம்பத்திரிகை விற்கும் கடைக்காக அவன் மனைவி வீட்டிலேயே தாள் கழுவிக் கொடுப்பாள். அகலத் தட்டில் கிடத்தியதும் தாளிலிருந்து மஞ்சள் இறங்கும். "இதுவும் உன்ன மாதிரிதான். காய்ஞ்சிருக்கும்போது தொட்டா உடையும். ஊற வெச்சா சொன்ன பேச்சு கேக்கும்" என்பாள். அவன் அறை வாசலில் சாய்ந்து நின்று பார்ப்பான். அந்தத் தொழிலில் அவன் கற்றது அவ்வளவுதான்.

அவள் போன பிறகு மேசையில் ஒரு தாள் மிஞ்சியது. எந்தக் காலத்திலோ நடந்த போர், சமாதான உடன்படிக்கையோடு முடிந்த செய்தி. மற்றதையெல்லாம் கழுவி முடித்தவள் இதை நாளைக்கு என்று வைத்திருந்தாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீடு திரும்பவில்லை.

பல மாதம் கழித்து ஒரு காலையில் கடைக்கார அக்கா போனில் கூப்பிட்டார். "தம்பி, அந்தத் தாளை இன்னிக்கு வந்து எடுத்துக்கறேன். கழுவ வேற ஆள் பாத்துட்டேன்."

வேற ஆள். அவன் தட்டில் தண்ணீர் நிரப்பினான். இது ஒன்றாவது அவள் தட்டிலேயே கழுவப்பட்டுப் போகட்டும்.

மஞ்சள் இறங்கியது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஒரு காரியம் கைகூடி வருவது போலிருந்தது. அவள் தூக்குவது போலவே இரு கைகளையும் தாளுக்கு அடியில் விட்டான். அப்போது கதவு தட்டப்பட்டது.

"நான்தான் தம்பி."

"நானே கழுவிட்டேன்க்கா. தூக்கப் போறேன்."

"அடியில ஷீட் போட்டிருக்கல்ல?"

"என்ன ஷீட்?"

"கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். அதோட சேத்துத்தானே அவ தூக்குவா. தண்ணிக்குள்ள போட்டா கண்ணுக்குத் தெரியாது."

அத்தனை நாள் பார்த்தவன் கண்ணில் அது பட்டதே இல்லை. அவள் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டு போனதும் அதே வாசலில் நின்று பார்த்ததுதான்.

"கதவைத் திற. நான் ஷீட்டை நுழைச்சு எடுத்துடறேன்."

"கைமேல இருக்குக்கா."

"சரி, அசையாத. அசையாம இரு."

அவன் அசையவில்லை. ஆனாலும் நடுமடிப்பு வாய் பிளந்து, அதன் வழியே அவன் விரலொன்று வெள்ளையாகத் தெரிந்தது. தாளில் இருந்த படத்தில், உடன்படிக்கையில் கையெழுத்திட ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த மீசைக்காரர்களில் பாதிப்பேர், நாற்காலிகளோடு, மெல்ல மறுபக்கம் மிதந்து போனார்கள்.